ஆளுக்கொரு பதில்

முகத்துக்கு என்ன ஆனது என்று யார் கேட்டாலும் அக்காவிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறும். பாசாரில் மீன் விற்கிறவளிடம் குளவி கொட்டிவிட்டது என்பார். பிள்ளையார் கோயிலில் பூ கட்டுகிறவரிடம், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது நரம்பு கெட்டுவிட்டது என்பார். மூன்று சக்கரப் பேச்சா மிதிக்கிறவர் கேட்டால், உங்களைப் போல ஒருத்தர்தான் என்னைக் கால்வாயில் கவிழ்த்துவிட்டார் என்று அவர் தொழில் மீதே பழியைப் போட்டுவிடுவார். எந்தப் பதிலையும் அவர் தயங்கிச் சொன்னதில்லை. சுவையாகவும் சொன்னதில்லை. கேட்டவர் கையில் மிச்சச் சில்லறையை வைப்பதுபோல வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

உண்மையில் அது ஊசியால் வந்தது. முகச் சுருக்கம் மறைய வேண்டும் என்று சிங்கப்பூருக்குப் போய்ப் போட்டுக்கொண்ட ஊசி. பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து வேலை பார்த்த எனக்கே அது வெகுநாள் தெரியாது. எனக்குக் கொடுத்திருந்த பதில், பல்.

மலாக்காவில் ஒரு படக்கொட்டகையில் நாங்கள் இருவரும் டிக்கெட் விற்றோம். அவர் மேல்வகுப்பு ஜன்னலில், நான் பெஞ்சு வகுப்பு ஜன்னலில். ஊரே அவரை டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிட்டது. நான் வெறும் அக்கா என்பேன். காஜா பெராங் பகுதியில், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்துவரும் செட்டிகளின் குடியிருப்பான செட்டிக் கம்பத்துப் பெண் அவர். பெயர் தமிழ்ப் பெயர், கும்பிடுவது மாரியம்மனை, வீட்டில் பேசுவதோ மலாய். சரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, கொண்டையில் ஊசி குத்தி வருவார். தமிழை அவர் கொட்டகையில் கற்றார். பாதி, ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களிடமிருந்து. மீதி, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய படங்களிலிருந்து. அதனால் அவர் பேச்சில் மீன்கடைத் தமிழும் அரசவைத் தமிழும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

"அலாமா! லூ ஏன் இவ்ளோ லேட்டு? என் நெஞ்சம் பதைபதைத்தது லா" என்பார், நான் கொஞ்சம் தாமதமாக வந்தால். லூ என்றால் நீ. அவருக்குப் பிடித்தமானவர்கள் எல்லாரும் லூ.

நானும் காஜா பெராங்கில்தான் இருந்தேன். ஒரு கடைவீட்டின் பின்னறையில் அப்பா, அம்மா, நான். அப்பா நகராண்மைக் கழகத்தில் கால்வாய் வெட்டும் வேலை. மதியம் சாப்பிட்டுவிட்டு அக்காவும் நானும் சேர்ந்துதான் வேலைக்கு நடந்து போவோம். அவர் எப்போதும் சாலையின் ஒரே பக்கமாக, எனக்கு இடதுபுறம் நடப்பார். அவருடைய இடது கன்னம் கடைகளைப் பார்க்காமல் கால்வாயைப் பார்த்திருக்கும். அதை நான் வெகுநாள் கழித்தே கவனித்தேன்.

அந்தக் கன்னம் பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு இருக்க வேண்டிய இடத்தில் சிவந்து பளபளவென்று ஒரு மேடு இருந்தது. அது கீழே தாடைவரை வழிந்து நின்றது. இடது இமையும் கொஞ்சம் வீங்கித் தொங்கும். வலது கன்னத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. பேசும்போது முகத்தின் ஒரு பாதி பேசும், மற்றது சும்மா இருக்கும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வரிசையில் மீன்காரியும் பூக்கட்டுகிறவரும் முன்னும் பின்னுமாக நின்றிருந்தார்கள்.

"குளவி கொட்டினது இன்னுமா வடியல?" என்றாள் மீன்காரி.

பின்னால் நின்றவர், "குளவியா? பல்லு பிடுங்கினதுன்னு இல்ல சொன்னாங்க?" என்றார்.

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"குளவிதான் பல்லுல கொட்டிச்சு. எத்தனை டிக்கெட்டு?"

அவர்கள் பேசாமல் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அக்காவும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். வலது பக்கம் மட்டும் உதடு ஏறி இறங்கியது.

அந்தச் சிரிப்புதான் அவருக்கு வினையாக வந்தது. ஒருநாள் டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. குடும்பத்தோடு தொலைவிலிருந்து வந்திருந்த ஒருவரிடம், இடமில்லை ஐயா, நாளைக்கு வாங்க என்று அக்கா தணிவாகச் சொல்லிச் சிரித்தார். ஆறுதலுக்காகச் சிரித்த சிரிப்பு அது. அந்த மனிதர் முகம் கறுத்தது.

"என்ன நக்கலா? பிள்ளைகுட்டியோட வந்து நிக்கிறேன், வாயைக் கோணிக்கிட்டு சிரிக்கிற?" என்று கண்ணாடியில் ஓங்கி அறைந்தார். மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடியில் கையின் ஈரம் அப்படியே படிந்திருந்தது. அக்கா துணியை எடுத்து மெதுவாகத் துடைத்தார்.

"இனிமே சிரிப்பு தா பாயா" என்றார். வேண்டாம் என்பதற்கு அவர் சொல்லும் மலாய்ச் சொல். பிறகு ஜன்னலில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

கொட்டகை முதலாளியான சீனத் தவுக்கே கெட்டவர் அல்ல. நாலைந்து நாள் தயங்கிவிட்டு, உள்ளே போய் டிக்கெட் அடிக்கட்டைகளை அடுக்கும் வேலையைப் பார்க்கலாமே, வெயில் படாது என்று சொல்லிப் பார்த்தார். வெயில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று அக்கா மறுத்துவிட்டார். அடுத்த நாள் நாங்கள் வந்தபோது அவருடைய ஜன்னல் கண்ணாடியின் மேல்பாதியில் வரப்போகும் படத்தின் சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்தது. வெளியே நிற்பவருக்கு அக்காவின் கைகள் மட்டும் தெரியும். எனக்கு ஆத்திரமாக வந்தது. கிழித்துவிடட்டுமா என்றேன்.

"விடு லா. ஓய்வா இருக்கும்" என்றார் அக்கா.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே ஓய்வாக இருப்பதுபோல நாற்காலியில் சாய்ந்துகொண்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருந்த காலம் அது. எங்கள் வீட்டில் என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சிறுவயதில் அம்மை வார்த்து என் கன்னங்களில் குழிகள் விழுந்திருந்தன. பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள், போட்டோவில் இது தெரியலியே என்று என் எதிரிலேயே சொல்லிவிட்டுப் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார். அந்தச் சமயத்தில்தான் தெங்கேராவில் ஒரு மாடிவீட்டை எடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஊசி போட்டால் கன்னத்துச் சுருக்கம், பள்ளம் எல்லாம் நிரம்பிவிடுமாம். சாயம் பூசுவது போல இல்லை, நிரந்தரமாம். அம்மா என்னைவிட ஆசைப்பட்டார்.

நான் அக்காவிடம் விடுப்பு சொல்ல வேண்டியிருந்தது. மதியக் காட்சிக்கு இன்னும் கூட்டம் வரவில்லை.

"நாளைக்கு என் ஜன்னலையும் கொஞ்சம் பாத்துக்குங்கக்கா. தெங்கேராவுக்குப் போறேன்."

"என்ன அங்க?"

"கன்னத்துக்கு ஊசி. குழி நெரம்பிடுமாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது. படம் தொடங்கும்வரை டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கூட்டம் உள்ளே போனதும் ஜன்னல் பலகையை இறக்கினார். என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். என் கையை எடுத்துத் தன் இடது கன்னத்தில் வைத்தார்.

"அழுத்து."

"வேணாங்க்கா, வலிக்கும்."

"வலி போயிருச்சு. அழுத்து."

கன்னம் என்று நினைத்து அழுத்தினேன். தோலுக்கு அடியில் கொட்டைப்பாக்குபோலக் கடினமாக இருந்தது. நகரவில்லை. என் விரலை அவரே தாடைக்கும் அங்கிருந்து கண்ணுக்குக் கீழேயும் நகர்த்தினார். எல்லா இடத்திலும் அதே பாக்கு.

"இது பல்லு இல்ல தங்கச்சி. ஊசி. லூ போட்டுக்கப் போற அதே ஊசி."

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார். சிங்கப்பூரில் ஒரு அறை. சுத்தமான வெள்ளைத் துணி விரித்த கட்டில். மெழுகும் எண்ணெயும் சேர்த்துச் சூடாக்கி ஊசியில் ஏற்றினார்களாம். புருவத்துக்கு நடுவில் கொஞ்சம், இரண்டு கன்னங்களிலும் நிறைய.

"மொத நாலஞ்சு மாசம் நல்லா இருந்துச்சு. அதைத்தான் யாரும் நம்ப மாட்டாங்க. ரொம்ப அழகா இருந்துச்சு. எல்லாரும் என்ன பவுடர்னு கேட்டாங்க. அப்புறம் ஒருநாள் காலையில கன்னம் சுடுது. செவந்துச்சு. பாறை மாதிரி ஆயிடுச்சு."

திரும்பச் சிங்கப்பூர் போனபோது அந்த அறையில் ஒரு தையற்காரர் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஊருக்கு வந்ததும் தம்பி மனைவி, கரைத்துவிடலாம் என்று சுடச்சுட ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். இஞ்சி எண்ணெய் தடவி அழுத்தித் தேய்த்திருக்கிறாள். மேட்டிலிருந்தது தாடைக்கு இறங்கியது அப்போதுதான். சீன வைத்தியர் ஒரு கறுப்புப் பற்றுப் போட்டார், தோல்தான் வெந்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி.

"டாக்டர் சொன்னாரு, எண்ணெய் துணியில ஊறின மாதிரி இது சதையில ஊறிப்போச்சு, எடுக்கணும்னா சதையோட சேத்து வெட்டணும். வெட்டினா இதைவிட மோசமா இருக்கும். சூடு காட்டாதே, தேய்க்காதே, அப்படியே விடு. அவ்ளோதான். ஹபிஸ் லா, முடிஞ்சது."

"ஏன்க்கா ஆளுக்கொண்ணு சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

"குளவின்னு சொன்னா அச்சச்சோன்னு போயிருவாங்க. ஊசின்னு சொன்னா, ஏன் போட்டேன்னு கேப்பாங்க." இறக்கிய பலகையைக் காட்டினார். "போஸ்டர் ஒட்டுறதுக்கு முன்னாடி, விளக்குப் போட்டதும் இந்தக் கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியும். வெளிய நிக்கிறவங்க மூஞ்சி மேலேயே என் மூஞ்சி. தினமும், வேலை முடியிற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். ரெண்டு கோடு ஆழமாகிக்கிட்டே வர்றது தெரியும். இதைப் போய் ஒரு காரணம்னு யார்கிட்ட சொல்றது?"

மறுநாள் காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கையையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார். அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு, "நம்ம பிள்ளை முகம் இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதோடு அக்கா நிறுத்திக்கொள்வார் என்று நினைத்தேன். "வா, அந்த ஆளைப் பாப்போம். என் ஊசிக்காரியா இருந்தா ஒரு வார்த்தை கேக்கணும்" என்று என்னை அழைத்துக்கொண்டு தெங்கேராவுக்கு நடந்தார். சிங்கப்பூரில் ஊசி போட்டவள் அல்ல. இவள் வயதில் சின்னவள், பணிவாகப் பேசினாள். மாடிப்படி முடியும் இடத்தில் நீண்ட பெஞ்சு போட்டிருந்தது. அதில் பெண்கள் காத்திருந்தார்கள்: சீனப் பெண்கள், மலாய்க்காரி ஒருத்தி, நகைக்கடைக்காரர் வீட்டு அம்மாள். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கைக்குட்டையை எச்சிலில் நனைத்துக் கன்னத்திலிருந்த பவுடரைத் துடைத்தார். பக்கத்திலிருந்தவளிடம் மலாயில், "தொட்டுப் பாரம்மா" என்றார்.

அந்த வாரம் முழுக்க, வேலைக்குப் போகும் முன் அவர் அங்கே போய் உட்கார்ந்தார். நானும் சில நாள் கூடப் போனேன். யார் வந்தாலும் ஒரே பேச்சுதான். கன்னத்தைக் காட்டுவார், தொடச் சொல்வார், முதல் நாலைந்து மாதம் அழகாக இருக்கும் என்று சொல்வார். "இப்ப நீங்க உங்க சிநேகிதி மூஞ்சியில பாக்குறது அந்த அழகுதான். அடுத்த வருஷம் பாருங்க." சிலர் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உங்கள் ரத்தம் சரியில்லை, எனக்கு அப்படி ஆகாது என்று நகைக்கடைக்கார அம்மாள் சொன்னார். ஊசிக்காரி வெளியே வந்து, தொழிலைக் கெடுக்காதீர்கள் அக்கா என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள். சண்டை போட அக்காவுக்குத் தெம்பில்லை. "நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றார். அதிலும் பொய்யில்லை.

பெஞ்சில் ஆள் குறைந்தது. ஒருநாள் நாங்கள் போனபோது மாடிக்கதவு பூட்டியிருந்தது. ஜொகூரில் மூவார் பக்கம் போய்விட்டாள் என்று கீழ்க் கடைக்காரர் சொன்னார். அக்கா பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அங்க யாரு போய் உக்காருறது?" என்றார். பிறகு வேலைக்கு நடந்தோம்.

அவர் ஜெயித்தார் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் ரகசியம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது வரிசையில் நிற்பவர்கள் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. சுவரொட்டிக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்து, ஏன் அப்படிச் செய்துகொண்டீர்கள் என்று கேட்டார்கள். மீன்காரி, இந்த வயசுல யாரை மயக்க, என்றாள். கோயிலில் ஒருத்தி தன் மகளிடம், கடவுள் கொடுத்த முகத்தில் கைவைத்தால் இப்படித்தான் என்று அக்காவைக் காட்டிச் சொன்னாள். அக்கா விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது.

"பொய் சொன்னப்ப பாவம்னாங்க" என்றார் என்னிடம், வீட்டுக்கு நடக்கும்போது. "நெஜம் சொன்னதும் நல்லா வேணும்ங்கிறாங்க. என்ன உலகம் இது லா." களைத்துப்போய் அப்படிச் சொன்னவர், வழக்கம்போல என் இடதுபுறம் வரவில்லை. எந்தப் பக்கம் என்று பார்க்காமலே நடந்தார்.

எனக்குக் குழி விழுந்த கன்னத்தோடேயே கல்யாணம் நடந்தது. பிள்ளை பெற்று, அம்மாவிடம் விட்டுவிட்டு, மறுபடியும் ஜன்னலுக்கு வந்தேன். நாடு சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கா அதே நாற்காலியில் இருந்தார். சுவரொட்டிகள் மட்டும் படத்துக்குப் படம் மாறிக்கொண்டிருந்தன.

ஒரு மதியக் காட்சிக்கு முன், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் என் ஜன்னலுக்கு வந்தாள். டிக்கெட் கேட்கவில்லை.

"ஊசி போட்டுக்கிட்ட அக்கா இங்கதானே இருக்காங்க?"

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை; எதற்கு என்றேன். அக்கா அதற்குள் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். அந்தப் பெண் அவர் முகத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். பிறகு தலைப்பை எடுத்தாள். இரண்டு கன்னங்களும் சிவந்து கட்டிப்போயிருந்தன. முப்பதுகூட இருக்காது.

கிளேபாங்கிலிருந்து வருவதாகச் சொன்னாள். ஜொகூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது போட்டுக்கொண்டாளாம்.

ஏன் என்று அக்கா கேட்கவில்லை.

"ஒத்தடம் குடுக்கிறியா?"

"தினமும் குடுக்கிறேன்க்கா."

"இன்னையோட நிறுத்து. தேய்க்காதே. கையை வெச்சு அழுத்தி அழுத்திப் பாக்காதே, அதுதான் ரொம்பக் கஷ்டம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு, திட்ட மாட்டாரு."

"சரியாப் போயிடுமாக்கா?"

அவள் கண்கள் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சின்னப் பொய் போதும், இன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போவாள் என்று எனக்குப் பட்டது. அக்கா சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"போகாது" என்றார் அக்கா.

அந்தப் பெண் அழுதாள். கன்னம் அசையவில்லை, உதடு பிதுங்கவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அக்கா அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை நின்றார். உள்ளே மணி அடித்தது.

"படம் பாக்குறியா?" என்றார். "உள்ள இருட்டா இருக்கும். முடியுற வரைக்கும் யாரும் நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. வா, நானும் வரேன்."

அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு திரைச்சீலையை விலக்கி உள்ளே போனார். அன்று மீதி டிக்கெட்டை இரண்டு ஜன்னலிலும் நானே விற்றேன். மேல்வகுப்பு வரிசையில் நின்ற ஒருவர், அந்த அம்மா எங்கே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

படம் பார்க்கிறார் என்றேன்.